ஓடைச் சுவரில் ஒரு கடவாய்ப் பல்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று எந்த ஊருக்கு வழி கேட்டாலும் தெரியாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்கிற நல்ல மனசுதான் காரணம். வாய் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை ஒரு பக்கம் நீண்டுவிடும். நானும் அப்படிக் கை நீட்டியவன்தான்.

நான் சொல்ல வந்த அந்த மேடம் மட்டும் நீட்டியதில்லை. ஒரு நாள் மூட்டை முடிச்சோடு வந்த ஒரு குடும்பம் அவரிடம், "செஞ்சி பஸ்ஸு எங்கம்மா நிக்கும்?" என்று கேட்டது. "தெரியலைங்க" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நேரக் காப்பாளர் உட்கார்ந்திருக்கும் இடம் வரை வெயிலில் நடந்துபோய்க் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அதற்குள் பூக்கடைக்காரர் கை காட்டிய பக்கமாக அந்தக் குடும்பம் போய்விட்டது. சரியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களைத் தேடியபடி அவர் நின்றார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் அந்த நிலைதான் கண்ணில் வருகிறது.

நான் பல் செட் கட்டுகிறவன். டாக்டர் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் அதில் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பற்களை அடுக்கி, செட் செய்து திருப்பி அனுப்புவேன். மரக்காணம் ரோட்டில் ஒரு மாடி அறைதான் என் பட்டறை. சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேருடைய தாடை எனக்குத் தெரியும். முகம் தெரியாது. கடைத்தெருவில் என் கைவேலை என்னைத் தாண்டிச் சிரித்துக்கொண்டு போயிருக்கும், நான் அறிய மாட்டேன். மனிதர்களிடம் பேச வராத எனக்கு அது தோதாகத்தான் இருந்தது.

அந்த அறைக்கு அவர் படியேறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வெயிலில் வெளுத்த பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, நகக்கண்களில் செம்மண். ஏதோ கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்து விட்டுவிட்டதாகச் சொன்னார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். செக்கச் சிவந்த கல் சுவர். அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு எதுவோ ஒன்று பளபளத்தது.

"இது என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?"

"பல்லுதாங்க மேடம். கீழ்க் கடவாய்ப் பல்லு. நல்லா தேஞ்சிருக்குது."

"மனுசப் பல்லா?"

"வேற இன்னாவா இருக்கப் போவுது?"

"பன்னியா இருக்கலாம். தேஞ்சு போச்சுன்னா பன்னியோட கடவாய்ப் பல்லும் மனுசப் பல்லும் ஆளை ஏமாத்தும்."

"நான் பன்னிக்கு செட்டு கட்டினது இல்லைங்களே" என்றேன். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கும் தெரியலை" என்றார். அதில் குத்தல் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று கண்டுபிடித்துவிட்டவர் போல அவர் முகம் மலர்ந்தது.

படத்தில் இருந்தது பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஓடும் ஒரு செம்மண் ஓடை. வெகு காலத்துக்கு முன் அந்தப் பக்கத்து ஓடை ஒன்றில், கல்லோடு கல்லாக இறுகிப்போன ஒரு சிறு குழந்தையின் மண்டையோடு கிடைத்ததாம். அதன் வயது என்ன என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் ஒரே பேச்சு இல்லையாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து ஒவ்வொரு மழை முடிந்த பிறகும் அவர் அந்த ஓடைகளில் நடந்து வந்திருக்கிறார். மழை சுவரை அறுத்துக் காட்டுவதைப் பார்க்கலாம். தோண்டக் கூடாது. தோண்ட மேலிடத்து அனுமதி வேண்டும். எழுதிப் போட்டு வெகு நாளாகியும் பதில் வரவில்லை. அதுவரை அந்தப் பல்லைச் சுவரிலிருந்து எடுக்காமல், அதன் மேல் அளவு மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

வாயில் அளவெடுப்பது டாக்டர் வேலை. ஆனாலும் அதை எனக்குச் செய்யத் தெரியும். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று வீட்டில் அக்கா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பஸ்ஸில் அவர் முன்னால் பெண்கள் பக்கம், நான் பின்னால். கோட்டக்குப்பத்தில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். பொம்மையார்பாளையத்தில் சாலையோரம் ஒரு டீக்கடை. அங்கே அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வேறு ஒரு பெயரில்.

"வந்துட்டாங்கய்யா கல்லு நக்குறவங்க" என்றார் டீக்கடைக்காரர், அவர் காதில் விழும்படியே.

அது பொய்யில்லை. ஓடையில் சந்தேகமான சில்லு எதையாவது பார்த்தால் அவர் அதைப் புடவைத் தலைப்பில் துடைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். கல் நாக்கில் ஒட்டாது. பழைய எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொண்டு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டினாலும் அவர் எலும்பு என்று சொல்லிவிட மாட்டார். "ஒட்டுது" என்று மட்டும் சொல்வார்.

"அப்படி இன்னாதாம்மா கெடைக்கும் அதுல? தங்கமா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"நம்ம தமிழ்நாட்டுல பல இடத்துல மண்ணைக் கீறினா கல்லுக் கோடாலி வரும்" என்றார் அவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு. "நமக்கெல்லாம் ரொம்ப ரொம்ப முன்னாடி இருந்தவங்க அடிச்சுப் போட்டது. கல்லு கூடை கூடையாக் கிடைச்சிருக்கு. அதை அடிச்ச கையைத்தான் காணோம். மழையும் இந்தச் செம்மண்ணும் சேந்து எலும்பைக் கரைச்சிடும். நர்மதை ஆத்தங்கரையில ஒரு மண்டையோட்டுத் துண்டு கிடைச்சுது. மொத்த இந்தியாவுக்கும் அந்த மாதிரி ஒண்ணு ரெண்டுதான். அவங்க நம்மள மாதிரி ஆளுங்களா, நமக்கு முந்தின வேற ஆளுங்களா, எங்கேருந்து வந்தாங்க, எல்லாம் ஊகம்தான். ஒரு பல்லு கிடைச்சாக்கூட, என்ன தின்னாங்க, எந்த வயசுல செத்தாங்கன்னு அது சொல்லும். அதுக்காகத்தான்."

டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். "அப்ப அந்தச் சுவத்துல கீறது அவங்க பல்லுதானா?"

"தெரியலைங்க."

டீக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "இன்னாண்ணே இது? பாயசம் காய்ச்சிக் கையில குடுத்துட்டு, சக்கரை போட்டேனான்னு தெரியலைன்றாங்க."

ஓடைச் சுவர் என் உயரத்துக்கு மேல் இருந்தது. முந்திரி வேர்கள் மேலே தொங்கின. அந்தப் பல் என் நெஞ்சு உயரத்தில், பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தது. பின்னால் தாடை எலும்பு போல ஒரு கோடு கல்லுக்குள் போய் மறைந்தது. மிச்சம் உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரப்பர் மாவைப் பிசைந்து அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்தேன். அது இறுகும் வரை கை அசையக் கூடாது. டாக்டர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், என்னை அறியாமல், "ஆடாம இருங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்றது. அவர் சிரித்தார். நின்று சிரிக்க முடியாமல் ஓடை மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அச்சு நன்றாக வந்தது. பல்லின் ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது. எங்கள் வேலையில் மூலை உடைந்தால் கட்டித்தான் கொடுப்போம். பொக்கையை அப்படியே அனுப்பினால் எந்த டாக்டரும் மறுபடி வேலை தர மாட்டார். பக்கத்துப் பல் எப்படி இருக்கும் என்று மனசில் வைத்துக்கொண்டு அந்த மூலையைக் கட்டி, மேடு பள்ளம் வைத்து, மெருகும் போட்டுவிட்டேன். நான் செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது அது என்று எனக்கு நினைப்பு.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மூலை உடைஞ்சுல்ல இருந்துச்சு?"

"நான்தான் மேடம் சரி பண்ணேன். அது முழுசா இருந்தப்ப அப்படித்தான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கலாம்." கோபம் இல்லை. எனக்குப் புரிய வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது. "உங்க கைவேலை நல்லா இருக்கு. ஆனா இதைப் பாக்கறவங்க உங்களைத்தான் பாப்பாங்க. அவங்களைப் பாக்க மாட்டாங்க."

வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். பொக்கையைப் பொக்கையாகவே விட்டுவைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. கை அந்த மூலைக்கே போய்ப் போய் வந்தது.

ஒரு நாள் அக்கா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்; அந்த மல்லாட்டைச் சட்னியும் தோசையும். அக்கா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வீட்டுக்கு வருகிற யாரிடமும் கேட்கிற மாதிரி அவரிடமும் கேட்டாள். "இந்த வருஷமாவது இவளுக்குக் கூடி வந்துடுமாம்மா?"

யாராக இருந்தாலும் கண்டிப்பாக வரும் என்றுதான் சொல்வார்கள். அவர் தோசையைப் பிய்த்தபடி யோசித்தார். "தெரியலைங்க" என்றார்.

அக்கா முகம் சுருங்கியது. அடுத்த தோசை வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. திருப்பிக் குத்த வேண்டும் என்றுதான் கேட்டிருப்பாள்: "உங்களுக்குப் புள்ளைங்க?"

"ஒரு பையன். வெளிநாட்டுல இருக்கான்."

"பாக்க வருவாரா?"

"தெரியலைங்க" என்றார், அதே குரலில்.

அக்கா எழுந்து போய் முறுகலாக ஒரு தோசை வார்த்துக்கொண்டு வந்தாள். அவர் போன பிறகு என்னிடம், "அந்தம்மா ஒரு மாதிரிதாண்டா. நமக்கு சொல்ற மாதிரியேதான் தனக்கும் சொல்லிக்கினு இருக்குது" என்றாள்.

ஓடை இருந்த நிலம் கரையோரக் குடும்பத்துக்காரர் ஒருவருடையது. படகை விற்றுவிட்டவர். கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு அறைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று முந்திரித் தோப்பை வாங்கியிருந்தார். பல்லைப் பற்றி அவரிடம் போய்ச் சொன்னவரே மேடம்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். நிலத்துக்காரருக்குத் தெரியாமல் அவர் நிலத்தில் நடப்பது சரியில்லை என்றார்.

நல்ல மனிதர் அந்த நிலத்துக்காரர். ஓடையைத் தூர்த்துச் சமன் செய்கிற வேலையை அந்த ஒரு பக்கம் மட்டும் விட்டுவைத்திருந்தார். ஆனால் எத்தனை நாள் விட்டுவைப்பார்? ஒரு நாள் ஓடைக்கே வந்துவிட்டார்.

"மேடம், பட்டா நெலம் இது. ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, நான் கவர்மெண்டுக்கே உட்டுடறேன், கம்பி வேலி கட்டி போர்டு வெச்சிக்கட்டும். எங்க ஊருக்கும் பேருதான். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, நான் என் வேலையப் பாத்துக்கினு போறேன். நடுவுல நின்னுக்கினு இருந்தா நான் இன்னாங்க பண்றது? ஒரே பேஜாரா கீது."

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்றார் அவர். "விழுப்புரத்துல மனு குடுத்துப் பாக்கறேன். அவங்க நிறுத்தலைன்னா நானே உங்களுக்குச் சொல்லிடறேன்."

திரும்பி வரும்போது நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒரு உளியும் சுத்தியும் போதும், அந்தத் துண்டை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன?

"எடுக்கலாம். அப்புறம் அது வெறும் பல்லு. எந்த மண்ணுக்கு மேல, எந்த மண்ணுக்குக் கீழ படுத்திருந்துச்சுங்கிறதுலதான் அதோட வயசு இருக்கு. அந்த இடத்தை விட்டுப் பிரிச்சுட்டா அதுக்குன்னு எதுவும் இல்லை. இங்க முந்தி கிடைச்சதைப் பத்தியும் அந்தச் சண்டைதான் இன்னும் ஓடுது."

"அச்சு இருக்குதே மேடம்?"

"அச்சை வெச்சு உருவத்தைச் சொல்லலாம். வயசு சொல்ல முடியாது."

திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ். குறை தீர்க்கும் நாள் என்பதால் வரிசை வெளி மரத்தடி வரை வந்திருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் திரும்பி, "உங்களுக்கு இன்னாம்மா, பட்டாவா, பாதைத் தகராறா?" என்று கேட்டார்.

"ஓடையில ஒரு எலும்புங்க."

"யாரு எலும்பு?"

"தெரியலைங்க. தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் மனுவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி. இளம் வயது. படங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கல் ஆயுதங்களைப் பற்றிப் படித்தது நினைவிருக்கிறது என்றார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"மேடம், இது பழங்கால மனுஷ எலும்புதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள வேலையை நிறுத்தச் சொல்லி நான் மேல பேசறேன்."

அவர் பேனாவைக் கையில் வாங்கினார். "மனித எலும்பாக இருக்கலாம், பழமையானதாக இருக்கலாம். அப்படி எழுதித் தரலாங்களா?"

"இருக்கலாம்னு எழுதினா நான் எதை வெச்சு ஒருத்தரோட பட்டா நிலத்துல வேலையை நிறுத்தறது? நாளைக்குக் கோர்ட்ல கேட்டா?"

"இருக்கலாம்ங்கிறதாலதான் நிறுத்தணும்னு கேக்கறேன். இல்லைன்னு தெரிஞ்சா கேக்கவே மாட்டேன். ஆமான்னு தெரிஞ்சா தேடறதுக்கே ஒண்ணும் இல்லை."

அதிகாரிக்கு அவர் மேல் எரிச்சல் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. பேனாவின் பக்கம் இன்னொரு தடவை கை காட்டினார். நான் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசிவிட்டேன். "எழுதுங்க மேடம்" என்றேன், அந்த அறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. "அது மனுசப் பல்லுதாங்க. ஊரு வாயெல்லாம் பாத்தவன் நான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு விவரிக்கத் தெரியாது. நன்றி இருந்தது. ஆனால் பேனாவை மூடி மேசை மேல் வைத்துவிட்டார். "தெரியாததை எழுத முடியலைங்க" என்றார் அதிகாரியிடம்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வரிதானே, பொய் என்று யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"நான் ஆமான்னு எழுதிட்டு அப்புறம் தோண்டினா, எது வந்தாலும் அதை ஆமான்னு ஆக்கத்தான் என் மனசு பாக்கும். நீங்க அந்த மூலையைக் கட்டின மாதிரி." பிறகு மெதுவாக, "எனக்கும் ஆசைதாங்க. எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார்.

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்தார். நிலத்துக்காரருக்குத்தான் என்று புரிந்ததும் நான் தடுத்தேன். "நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாலே போதும் மேடம். அவரா வந்து கேக்கட்டும். ஒரு வாரம் தள்ளும். அதுக்குள்ள அனுமதி வந்தாலும் வரும்."

"சொல்றேன்னு சொல்லியிருக்கேனே" என்றார். நிலத்துக்காரரிடம், நிறுத்தி வைக்க அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று, நம் ஊர்ச் சாவுச் செய்தி சொல்வது போல இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்தார். திண்டிவனம் வரை பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்த அவர் தலை மேடு பள்ளத்தில் இடித்துக்கொண்டே வந்தது. அவர் தலையை எடுக்கவில்லை.

மறுநாள் நாங்கள் போனபோது ஓடை இல்லை. அது இருந்த இடத்தில் ஜேசிபி பல் பதிந்த சிவப்புத் தரை இருந்தது. முந்திரி வேர்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. அவர் சுவர் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முயன்றார். எது மேற்கு, எது வேலி என்று பிடிபடவில்லை. நிலத்துக்காரர் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். "இன்னும் ரெண்டு நாளு தள்ளியிருப்பேன் மேடம். வண்டி வாடகை ஏறிக்கினு போவுது" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிராவல் மண் முழுவதும் டிப்பரில் திண்டிவனத்துப் பக்கம் புதிதாகப் போடுகிற ஒரு மனைப் பிரிவுக்குப் போனதாகச் சொன்னார். ரோடு போட நல்ல மண்ணாம். அதை நான் மேடத்திடம் மறைக்கவில்லை.

மேடத்தை நான் கடைசியாகப் பார்த்தது அந்த மனைப் பிரிவில்தான். அதற்குப் பிறகு அவர் திண்டிவனத்துக்கு வரவில்லை.

வாசலில் வளைவும் கலர்க் கொடிகளும் கட்டியிருந்தார்கள். நெல் விளைந்த இடத்தில் எண் எழுதிய கற்கள். நடுவே அகலமாக ஒரு ரோடு, அந்த ஓடையின் நிறத்தில். பெண்கள் கூடையில் கிராவலை அள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். டேங்கர் தண்ணீர் அடித்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தார். ஓடையில் நடந்த அதே நடை.

கூடை சுமந்த ஒரு அம்மா நின்றார். "இன்னாம்மா தொலைச்சிட்ட? கம்மலா?"

"இல்லைம்மா. ஒருத்தரைத் தேடறேன்."

அந்த அம்மா ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கிட்டே போய், "அந்த இடத்தை விட்டுப் பிரிஞ்சுட்டா பிரயோசனம் இல்லைன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க" என்றேன்.

"பிரயோசனம் இல்லைதாங்க" என்றார், நிமிராமலே. "ஆனா ரோட்டுல கெடக்குதே."

நானும் குனிந்தேன். வெயில் ஏற ஏற சிவப்பெல்லாம் ஒன்றாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் பல் போலவும் எதைப் பார்த்தாலும் கல் போலவும் இருந்தது. ரோலர் அந்தக் கோடியிலிருந்து மண்ணை அமுக்கிக்கொண்டே வந்தது. கிட்டே வந்ததும் டிரைவர் ஹாரன் அடித்தார். "ஓரம் போங்கம்மா! ஜல்தி!"

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நான் ரோலர் பக்கம் ஓடினேன். அறிமுகம் இல்லாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது என் வாழ்க்கையில் குறைவு. "இந்த மண்ணுல ஒரு பல்லு கீதுண்ணே. எலும்பும் இருக்கலாம்."

"பொணமா? போலீஸ் கேஸா?" டிரைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இல்லைண்ணே. ரொம்பப் பழசு. கல்லா மாறிட்டது. நமக்கெல்லாம் முந்தின ஆளா இருக்கலாம்."

"யாருன்னு தெரியுமா?"

"தெரியலை" என்றேன்.

டிரைவர், குனிந்திருந்த அந்த உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இஞ்சினை நிறுத்தினார். "நான் சாப்பிட்டு வந்துடறேன். அதுக்குள்ள பாத்துக்குங்க. அதுக்கு மேல மேஸ்திரி என்னை உட மாட்டாரு." சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு டேங்கர் நிழலுக்குப் போனார்.

கூடைக்காரப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். "எம்மாம் பெருசும்மா இருக்கும்?" "வெள்ளையா, செவப்பா?" "இந்தா பாரு, இதுவா?" ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி, துடைத்து, திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் அவர் வாயில் தெரியலை என்ற சொல் வரவில்லை. "இல்லைம்மா" என்றார். "இதுவும் இல்லைம்மா."

டிரைவர் சாப்பிட்டு முடித்தார். டப்பாவைக் கழுவினார். மூடியைத் தனியாக இன்னொரு தடவை கழுவினார். தண்ணீர் குடித்தார். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டார். அதற்கு மேல் செய்ய அவருக்கு எதுவும் இல்லை. ஏறி உட்கார்ந்தார். ஹாரன் அடிக்கவில்லை. "அம்மா" என்று மட்டும் கூப்பிட்டார்.

அவர் நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்தில் குனிந்து, கான்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்தார். தெருவில் சாவு போகும்போது நம் ஊரில் நிற்பார்களே, அப்படி நின்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

ரோலர் எங்களைக் கடந்து மெதுவாகப் போனது. மண்ணின் சூடு உள்ளங்காலில் ஏறியது. ரோலர் மறு கோடிக்குப் போய்ச் சேரும் வரை இரண்டு பேரும் அசையவில்லை.